அக்கா இழுத்து வைத்த முகங்கள்

அக்கா ஆளைப் பார்க்கும்போது கண்ணைப் பார்க்க மாட்டாள். கன்னத்தைப் பார்ப்பாள். கல்யாண அட்டை அடிக்க வந்த மாப்பிள்ளையானாலும் சரி, சில்லறை மாற்ற வந்த பக்கத்துக் கடைக்காரரானாலும் சரி, முதலில் அவள் பார்வை கன்னத்தில்தான் போய் உட்காரும். ஒட்டிய கன்னமாக இருந்துவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுதே கெட்டுவிடும். "என்னா லா இவரு, தேஞ்சு போயிட்டாரு" என்று, வந்தவர் படியிறங்கும் முன்பே எனக்குக் கேட்கும்படி சொல்வாள். வந்தவருக்கும் கேட்கும். இத்தனைக்கும் அக்காவே ஓர் ஒட்டடைக் குச்சி.

பினாங்கில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், மாலைக் கடைகளும் துணிக்கடைகளும் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் நானும் அக்காவும் வேலை பார்த்த அச்சுக்கடை இருந்தது. கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் பேனர் எல்லாம் என் பொறுப்பு. செத்தவர்கள் அக்காவின் பொறுப்பு. பத்திரிகைக்கு நினைவஞ்சலி, பதினாறாம் நாள் அட்டை, மாலை போட்டு மாட்டுகிற பெரிய படம் இவையெல்லாம் அவள் கையால்தான் ஆகும். யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். எனக்கும் அதில் நிம்மதிதான்.

செய்து முடித்த படங்கள், ஆள் வந்து எடுத்துப் போகும்வரை, பின்சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். ஒரு படத்தை இன்னொரு படத்துக்கு எதிரே வைக்க அக்கா விடமாட்டாள். "எதுக்கெதுக்க வெச்சா பேச ஆரம்பிச்சுடுவாங்க புள்ள. அப்புறம் வீட்டுக்குப் போகவே மாட்டாங்க" என்பாள். எல்லாரும் தெருவைப் பார்த்தே நிற்க வேண்டும். நான் அவளைக் கிண்டல் செய்வேன். ஆனால் பின்பக்கம் காகிதம் எடுக்கப் போகும்போது, பட்டப்பகலானாலும், அவளையும் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டுதான் போவேன்.

இதெல்லாம் நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது நான் செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நேற்று என் மேசைக்குப் புதிய மானிட்டர் வந்தது. ஒயரை மாட்டி விசையைத் தட்டியதும் திரையில் என் பிள்ளைகளின் படம் வந்தது. இரண்டும் அகலமாக, கொழுகொழுவென்று, வேறு யார் வீட்டுப் பிள்ளைகளோ என் பிள்ளைகளின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி சிரித்தன. திரையின் அளவைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குக் கை ஓடவில்லை. பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் என்ன வெட்கம். பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "என்னாக்கா, இதுகூடத் தெரியாதா?" என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். பிள்ளைகள் ஒல்லியாகித் திரும்பி வந்தார்கள்.

எங்கள் கடைக்கு அகலத் திரை வந்ததும் இப்படித்தான். அதுவரை பெட்டி மாதிரி ஒரு சதுரத் திரையை வைத்துக்கொண்டு அக்கா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி ஒரு நாள் கொம்தார் கடைத்தொகுதியிலிருந்து நீளமான திரை ஒன்றை வாங்கி வந்து, பழைய கணினியில் மாட்டிவிட்டு, "இனிமே ஒங்களுக்கு சினிமா தியேட்டருதான்" என்று பெருமையடித்துக்கொண்டார். கணினிக்கு என்ன தெரியும்? அது பழைய சதுரப் படத்தையே அனுப்பியது. புதிய திரை அதை இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பிக்கொண்டது. எழுத்தெல்லாம் குந்திக்கொண்டு நின்றது. கல்யாண அட்டைப் பிள்ளையாரிடம் மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அக்கா அன்று ஒரு பாட்டியின் படத்தைத் திறந்தாள். நீண்ட நாள் படுக்கையில் கிடந்து போன பாட்டி. கன்னத்தில் இரண்டு குழி, கழுத்தில் நரம்பு. திரையில் அந்தக் குழிகள் அகன்று ஆழம் தெரியாமல் போயிருந்தன. அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் பார்த்துவிட்டு, "புள்ள, இங்க வந்து பாரேன். இந்தம்மா தேறிட்டாங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திரையின் அளவு தப்பாக இருக்கிறது என்று சொல்லி, மௌசை வாங்கி, சரியான அளவைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு கணம் கறுத்து, பாட்டி மறுபடி ஒடுங்கி வந்தாள். இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கணினி கேட்டது. நான் ஆம் என்று அழுத்தப் போகும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒல்லிக் கை, ஆனால் என்ன பிடி! பதில் சொல்லாவிட்டால் கணினி கொஞ்ச நேரத்தில் தானாகவே பழைய அளவுக்குப் போய்விடும். அதுவரைக்கும் அவள் கையை விடவில்லை. பாட்டி மறுபடி பூரித்து வந்த பிறகுதான் விட்டாள். "இருக்கட்டும் லா. ஒனக்கு என்னா நட்டம்?" என்றாள்.

பாட்டியின் பிள்ளைகள் வந்து திரையைப் பார்த்தார்கள். மூத்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி அம்மா இப்படித்தான் இருந்தாங்க" என்றாள். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவளே சமைத்துப் போட்டுத் தேற்றிவிட்டது போல இருந்தாள். மறுநாள் படம் அச்சாகி வந்தபோது அதே மகள், "என்னாங்க, கம்ப்யூட்டர்ல நல்லா இருந்தாங்க, இதுல மறுபடியும் நோவு வந்த மாதிரி இருக்காங்களே" என்றாள். திரைதான் அகலம், காகிதம் என்றும் காகிதம்தான் என்பதை நான் எப்படி அவளுக்கு விளக்குவது? அக்கா படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு கோயில் அட்டை ஒன்றில் வட்டமான முத்திரை, ஒல்லி முட்டையாக அச்சாகிப் போனது. திரையில் வட்டமாகத் தெரியும்வரை அக்கா அதை நெருக்கி வைத்திருக்கிறாள். முதலாளி குதித்தார். "வட்டம் போடச் சொன்னா கோழி முட்ட போட்டு வெச்சிருக்கீங்க. கோயில் தலைவரு என்னைக் கிழிச்சுட்டாரு லா!" அவர் பக்கத்தில் நிற்க, நான் திரையின் அளவைச் சரிசெய்தேன். இந்த முறை யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. அன்று திறந்து வைத்திருந்த படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒடுங்கின. ஓர் ஆசிரியர், ஒரு லாரி ஓட்டுநர், இரண்டு அம்மாக்கள்.

அக்கா என்னைப் பார்த்து, "எல்லாரையும் பட்டினி போட்டுட்டியே, புள்ள" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

திரை கைவிட்டதும் அக்கா தானே அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். படத்தின் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பாள். நிறைய இல்லை, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. "கொஞ்சம் சத வெக்கணும்" என்பது அவள் பேச்சு. குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி, இழுத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், மறுபடி கொஞ்சம் இழுப்பாள். பெரும்பாலான குடும்பங்கள் கும்பிட்டு வாங்கிப் போயின. இருக்கும்போது ஒரு தட்டுச் சோறு ஒழுங்காகப் போடாதவர்களும், படத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா நல்லா இருக்காரு" என்று சந்தோஷமாகப் போனார்கள். எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சலாக வரும்.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று ஒரு நாள், கடை வாசலில் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் நின்று தே குடிக்கும்போது கேட்டேன். அவளுக்கு ஒரு பெரியக்கா இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவளை அப்பம் என்று கூப்பிடுவார்களாம், அப்படி ஒரு கன்னம். வயிற்றில் நோய் வந்து எலும்பாகிச் செத்துப்போனாள். வேறு படம் கைக்கு அகப்படாத அவசரத்தில், கடைசியாக எடுத்த படத்தையே பெரிதாக்கி மாட்டிவிட்டார்கள்.

"மாட்டுன நாள்லேருந்து எனக்கு அந்த மூஞ்சிதான் வருது, புள்ள. அப்பம் மூஞ்சி வரமாட்டேங்குது. கண்ண இறுக்க மூடிப் பாத்துட்டேன், சாமி கும்பிட்டுப் பாத்துட்டேன். அந்த எலும்புதான் வந்து நிக்குது. செவுத்துல மாட்டுற படம் இருக்கே, அது மனசுல இருக்கற மூஞ்சியத் தின்னுடும்."

சொல்லிவிட்டு மிச்சத் தேயை ஒரே மடக்கில் குடித்தாள்.

ஜெலுத்தோங்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை நினைத்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். இறந்தவர் ஒல்லியான மனிதர். படத்தை வாங்க அவருடைய மனைவி, பிள்ளைகள், தம்பி எல்லாரும் வந்திருந்தார்கள். மனைவி படத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தாள். பிள்ளைகளும் பார்த்தார்கள். "இது எங்க வீட்டுக்காரு இல்லீங்களே. எங்க கொழுந்தனாரு" என்றாள். தம்பி நல்ல தடித்த ஆள். கையில் கார்ச் சாவியோடு, உயிரோடு, தன் முகத்துக்குக் கீழே அண்ணனின் இறந்த தேதி போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை சிரித்துவிட்டது. மனைவி சேலைத் தலைப்பால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, "பரவால்ல, நல்லாத்தான் இருக்காரு" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் கழித்துத் தம்பி தனியாக வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, அண்ணன் வீட்டுக்குப் போக முடியல. சின்னவன் என்னைக் காட்டி, சித்தப்பாவுக்கு மாலை போட்டாச்சுங்கறான். தூங்கி எழுந்தா மொகத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன். எம் மூஞ்சிய அதுலேருந்து எடுத்துடுங்க."

அக்கா மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே, "அது ஒங்க மூஞ்சி இல்ல, தம்பி. ஒங்கண்ணன் நல்லா இருந்தப்ப இருந்த மூஞ்சி. அவருக்கு அத வெச்சுக்கக் குடுத்து வெக்கல, ஒங்களுக்கு இருக்கு" என்றாள். அந்த மனிதர் கன்னத்தைத் தடவிக்கொண்டே போய்விட்டார். முதலாளிதான் இழுக்காத படம் ஒன்றை அடித்து அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மனைவி அதை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு, பழையதையே சுவரில் விட்டுவிட்டாளாம்.

இதற்குப் பிறகுதான் கடலுக்கு அக்கரையில் இருக்கும் மாக் மண்டினிலிருந்து அந்தப் பெண் வந்தாள். தொழிற்சாலைச் சீருடையோடு வந்தாள். அவள் அம்மாவுக்கு மறதி நோய். காலையில் இவள் வேலைக்குப் போன பிறகு கதவைத் திறந்துகொண்டு போனவர், திரும்பவில்லை.

"போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் பண்ணிட்டேங்க்கா. பெரி கப்பல்ல ஏறுனத ஒருத்தரு பாத்திருக்காரு. அப்ப இந்தப் பக்கம்தான் இருக்கணும். அம்மா சின்ன வயசுல இங்கதான் வேல செஞ்சாங்க. நோட்டீஸ் அடிச்சு எல்லா எடத்துலயும் ஒட்டணும்க்கா."

எல்லார் கையிலும் படம் பறக்கிற காலம் அல்ல அது. காணவில்லை என்றால் காகிதம்தான். பென்டிரைவில் ஒரு படம் கொண்டுவந்திருந்தாள், கோயிலில் அண்மையில் எடுத்தது. துருத்திய கன்ன எலும்பு, உள்ளே போன வாய். அக்கா படத்தையும் அந்தப் பெண்ணையும் பார்த்தாள். அப்போது அந்தப் பெண் நல்ல பூசினாற்போல இருப்பாள்.

"இப்படியே போட்டா பாக்கறவங்க என்னா நெனப்பாங்க, தங்கச்சி? பெத்த தாய்க்குச் சோறு போடலன்னு ஒன்னத்தான் பேசுவாங்க" என்றாள் அக்கா. அந்தப் பெண் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குள்ளும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அக்கா ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே இழுத்தாள்.

"அம்மா இதுல நல்லா இருக்காங்கக்கா" என்றாள் அந்தப் பெண். கடைக்குள் வந்ததிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. செத்தவரின் முகத்தை இழுப்பது வேறு, உயிரோடு தேடப்படுகிறவரின் முகத்தை இழுப்பது வேறு என்று அந்த நேரத்தில் எங்கள் கடையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. நல்ல காரியம் என்றுதான் தோன்றியது. எங்கள் கதவிலும் ஒன்றை ஒட்டிக்கொண்டோம்.

வாரங்கள் போயின. வேலை முடிந்து பெரி ஏறி வந்து, தெருத் தெருவாக அந்தப் பெண் நடப்பதைச் சில மாலைகளில் நானே பார்த்திருக்கிறேன். கையில் அந்த நோட்டீஸ் இருக்கும். போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் அதை நீட்டுவாள்.

பிறகு ஒரு நாள், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடையில் வேலை பார்க்கும் பாய் ஒருவர், விலைப்பட்டியல் அடிக்க வந்தார். எங்கள் வாடிக்கைக்காரர். கதவில் இருந்த நோட்டீஸைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இந்தம்மா மௌத்தாயிட்டாங்க, தெரியுமா? ஆஸ்பத்திரியில" என்றார். அக்கா எழுந்து நின்றாள். பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க கடை அஞ்சடியிலதான் தெனமும் உக்காந்திருந்தாங்க. பேரு கேட்டா சிரிப்பாங்க. நாங்கதான் சோறும் தேயும் குடுப்போம். இந்த நோட்டீஸ் எங்க தூண்லயே ஒட்டியிருந்துச்சு. அதுக்கு நேரா கீழதான் சாஞ்சு உக்காந்திருப்பாங்க. நாங்க யாருமே சேத்துப் பாக்கல. படத்துல இருக்கறவங்க நல்லா இருந்தாங்க, இவங்க காஞ்ச கருவாடா இருந்தாங்க. மயங்கி விழுந்து ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்பகூடத் தெரியல. போலீசு வந்து கேட்டப்பதான் தெரியும். அந்தப் பொண்ணுகிட்ட நான் இதச் சொல்லல. எப்படிச் சொல்றது?"

அவர் போன பிறகு அக்கா கதவருகே போய், நோட்டீஸை நகத்தால் கீறிக் கீறி எடுத்தாள். முகம் மட்டும் வரவில்லை, ஒட்டிக்கொண்டது. ஈரத்துணி கொண்டுவந்து தேய்த்தாள். அந்த வாரம் வந்த இறந்தவர்கள் எல்லாரும் வந்தபடியே போனார்கள். அவள் ஒருவரையும் தொடவில்லை.

அந்த மாத முடிவிலேயே அக்கா வேலையை விட்டுவிட்டாள். ஜொகூரில் மகன் வீட்டுக்குப் போனதாகச் சொன்னார்கள், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா போவதற்கு முன்னால் அந்தப் பெண் ஒருமுறை வந்தாள். அம்மாவின் பதினாறாம் நாளுக்குப் பெரிய படம் வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லியிருந்தாள்.

அக்கா படத்தைத் தயாராக வைத்திருந்தாள். கோயிலில் எடுத்த அதே படம், ஒரு மயிரிழைகூட இழுக்காதது. "இன்னைக்குச் சொல்லிடுறேன், புள்ள. நான் இழுத்ததாலதான் யாருக்கும் அடையாளம் தெரியலன்னு சொல்லிடுறேன். அடிச்சாலும் வாங்கிக்கறேன். சொல்லலன்னா அந்தம்மா என்னை விடமாட்டாங்க" என்றாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தப் பெண் வந்தபோது எனக்கு முதலில் யாரென்று தெரியவில்லை. அலைச்சலில் பாதியாகியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, "இது யாருக்கா?" என்று கேட்டாள்.

"அம்மாதான், தங்கச்சி. நீ குடுத்த படம்" என்றாள் அக்கா.

"இல்லக்கா. எங்கம்மா இப்படி இல்ல." கைப்பையிலிருந்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன நோட்டீஸை எடுத்து மேசையில் விரித்தாள். "இதான் அம்மா. தெனமும் இதப் பாத்துட்டுத்தான் தேடக் கெளம்புவேன். ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிக் காட்டுனாங்க. வேற யாரோன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்க்கா. கையில எண்ணெய் பட்ட தழும்பு இருக்குன்னு நர்சு ஓடி வந்து சொன்னாங்க. அப்பறம்தான் திரும்பிப் போனேன். அதுவும் எங்கம்மா மாதிரியே இல்ல."

நான் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். துருத்திய கன்ன எலும்பு, உள்ளே போன வாய். அம்மா இல்லை என்று அவள் சொன்ன முகம் அவளுக்கே வந்திருந்தது. அக்காவும் அதைப் பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அக்கா சொல்ல வாயெடுத்தாள். "தங்கச்சி, அந்த நோட்டீஸ்ல நான்..." என்று தொடங்கினாள்.

"அது மட்டும் இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன்க்கா" என்றாள் அந்தப் பெண். நோட்டீஸை மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவ எனக்கு இதுல இருக்கற மாதிரியே குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அக்கா திரையின் பக்கம் திரும்பினாள். பிறகு மௌசைப் பிடித்து, படத்தின் ஓரத்தை இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

இழுத்தாள்.

"இன்னும்."

இழுத்தாள். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, திரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஆங். வந்துட்டாங்க" என்றாள்.

அக்கா மௌசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.